எஞ்சின் ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமா? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாகச் சீனக்குடாப் பக்கமும் அரிசி ஆலைகளிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியும் திருத்தியும் வருகிறேன். கந்தளாயிலிருந்து ஆலைக்காரர் கூப்பிட்டாலும் கிண்ணியாவிலிருந்து சீமெந்து ஸ்ரோர்க்காரர் கூப்பிட்டாலும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் வைத்திருக்கிறேன்.

எஞ்சின் ஃபோர்க்லிஃப்ட் எண்டா டீசல் மெஷின் மட்டும்தானா?

இல்லை. எரிபொருளை உள்ளே எரித்து ஓடுகிற எல்லாமே இந்த வகைதான். டீசல், பெற்றோல், சமையல் காஸ் போன்ற திரவ வாயு என்று மூன்று. பெற்றோலிலும் காஸிலும் மாற்றி மாற்றி ஓடக்கூடிய எஞ்சினும் உண்டு. நம் பக்கம் கண்ணில் படுவது பெரும்பாலும் டீசல். இவற்றுக்கு மாற்று பற்றரியில் ஓடுகிற மெஷின்.

தகட்டில எஃப்டி25 எண்டு எழுதியிருக்கு. அது மொடல் நம்பரா?

அதற்குள் அர்த்தம் இருக்கிறது. ஜப்பான் மெஷின்களில் 'எஃப்' ஃபோர்க்லிஃப்டைக் குறிக்கும். அடுத்த எழுத்து 'டி' என்றால் டீசல், 'ஜி' என்றால் பெற்றோல் அல்லது காஸ் எஞ்சின், 'பி' என்றால் பற்றரி. 25 என்பது 2.5 தொன். எல்லா நிறுவனமும் இதே ஒழுங்கில் எழுதுவதில்லை. ஆனால் பழைய மெஷின் விற்பவர் 3 தொன் என்று சொல்லி 25 என்ற தகட்டைக் காட்டினால், உடனே கேள்வி கேட்க இது போதும்.

டீசலா பற்றரியா, எது நல்லம்? ஒரே சொல்லில சொல்லுங்கோ.

மெஷின் நிற்கப்போவது வானத்துக்குக் கீழே என்றால் டீசல். கூரைக்குக் கீழே என்றால் பற்றரி. பாரம், விலை, எரிபொருள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பக்கத்தில் வேறெதையும் வாசிக்க நேரமில்லை என்றாலும், மெஷின் எந்தக் காற்றில் ஓடப்போகிறது, அதே காற்றை யார் சுவாசிக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

அப்ப ஏன் எல்லாரும் டீசலையே வாங்குறாங்கள்?

காரணம் இருக்கிறது, வீண் பழக்கம் இல்லை. மாரியில் யார்ட் முழுக்கச் சேறாக இருந்தாலும் காற்றடைத்த டயரோடு டீசல் மெஷின் போய் வரும். பள்ளம், கிரவல், லொறி ஏறி உடைந்த கொங்கிறீட் எதுவும் அதற்குப் பெரிய விஷயமில்லை. தாங்கி காலியானால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு மறுபடி வேலை. ஈயப் பற்றரி மெஷின் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் ஓடினால், எட்டு மணித்தியாலம் சார்ஜ், பிறகு ஆறவும் நேரம் வேண்டும். அறுவடை நேரத்தில் ஆலை வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கும்போது அந்த ஓய்வு கிடைக்காது.

வாங்கும் விலையும் குறைவு. திருத்தவும் ஆள் உண்டு. லொறி எஞ்சின் தெரிந்த மெக்கானிக்கை மூதூரிலும் பிடிக்கலாம். பற்றரி மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் பெரும்பாலும் கொழும்பைத்தான் பார்க்க வேண்டும். பாரம் கூடக் கூட எஞ்சினின் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். பத்துத் தொன்னுக்கு மேல் தூக்க வேண்டிய இடங்களில் இன்றும் டீசல்தான் பெருமளவு.

உள்ளுக்குள்ள ஓட்டினா என்ன? கதவு திறந்துதானே கிடக்கு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அரிசி ஸ்ரோரில் நின்றேன். கார்த்திகை மாதம். வாடைக் காற்றோடு மழை சாய்ந்து அடித்ததால் மூடைகள் நனையாமல் இருக்கக் கடல் பக்கத்துக் கதவுகளை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு பெற்றோல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணியளவில், மூடை அடுக்கிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் அடுக்கின் மேலேயே குந்திவிட்டான். "அண்ணை, தலையிடிக்குது, சத்தி வரப் பாக்குது" என்றான். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று நினைத்து பிளேன்ரீ கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் சுவரில் சாய்ந்தார். மூலையில் கணக்கெழுதுகிற பிள்ளையும் தனக்குத் தலையிடி என்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மெஷினை நிறுத்தி, மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லை என்று கதவுகளைத் தூக்கி, எல்லாரையும் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தோம். பெடியனை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். நல்ல காலம், தேறிவிட்டான்.

அது கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூச்சு விட்டுக்கொண்டே உடம்பு ஒட்சிசன் இல்லாமல் வாடும். முதல் அறிகுறி தலையிடி, தலைச்சுற்று, குமட்டல். பசி, வெயில், களைப்பு என்று நாம் காரணம் சொல்லிக் கடந்துபோகிற அதே அறிகுறிகள். ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடுங்கள். அந்த மெஷினைக் கழற்றிப் பார்த்தபோது காற்று வடிகட்டி உமியிலும் தூசிலும் அடைபட்டுக் கிடந்தது. காற்றுக் குறைந்து பெற்றோல் கூடுதலாகப் போகும்போது இந்த வாயு பல மடங்கு பெருகும்.

கதவு திறந்திருக்கிறது என்ற பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். நம் ஊரில் ஸ்ரோருக்குள் அதிகம் வேலை நடப்பது மாரியில், கதவு மூடப்படுவதும் மாரியில்தான்.

டீசல்ல அந்த வாயு குறைவுதானே?

குறைவு, உண்மைதான். டீசல் எஞ்சின் காற்றை அதிகமாக இழுத்து எரிப்பதால் கார்பன் மொனொக்சைட் பெற்றோலைவிடக் குறையும். பதிலுக்குக் கரித்துகளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. வருடக்கணக்காக மூடிய ஸ்ரோரில் டீசல் புகையோடு நிற்பவர்கள் நம் தொழிலாளிகள். அவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை.

சரக்கும் கெடும். வெள்ளை அரிசி மூடையில் கரி படிந்தால் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். தேயிலை, மசாலா, மா எல்லாம் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

காஸ் மெஷின் சுத்தம் எண்டு சொல்லித்தான் வித்தாங்கள். அதை உள்ளுக்க ஓட்டலாம்தானே?

கரியும் புகையும் குறைவு, அந்த அளவில் சுத்தம். ஆனால் அதுவும் தீப்பொறியால் எரிகிற எஞ்சின். சீராக வைக்காவிட்டால் மேலே சொன்ன மணமில்லாத வாயுவைத் தாராளமாகக் கக்கும். சுத்தமாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதுமில்லை. அதனால் டீசலைவிட இதற்கு நான் கூடப் பயப்படுகிறேன். நல்ல காற்றோட்டம், ஒழுங்கான டியூனிங், சுவரில் ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம் மூன்றும் இருந்தால் கொஞ்ச நேர வேலைக்கு உள்ளே விடலாம். அலாரம் வாங்கக் காசில்லை என்று முதலாளி ஒருவர் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

காஸ் முடிஞ்சா வீட்டுச் சிலிண்டரைப் பூட்டலாமா?

ஒருபோதும் கூடாது. குசினியில் நிற்கிற 12.5 கிலோ சிலிண்டர் மேலேயிருந்து ஆவியைத் தருவது. ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர் படுத்திருந்து திரவத்தைத் தருவது. அதை மெஷினிலுள்ள ஆவியாக்கி வாயுவாக மாற்றும். வால்வும் உள்ளே உள்ள குழாயும் வேறு. ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரைக்கூடக் கண்டபடி படுக்க வைக்க முடியாது. அழுத்தத்தை விடுகிற வால்வு மேல்பக்கம் வரும்படி, ஆணி அதன் துளையில் இறங்கியிருக்க வேண்டும்.

இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே போகாமல் வடிகால், லொறி இறங்கும் பள்ளம், கிணற்றடி என்று தாழ்ந்த இடத்தில் போய்க் கிடக்கும். சிலிண்டர் மாற்றுவது வெளியே, பள்ளமில்லாத இடத்தில், எஞ்சின் நின்ற பிறகுதான்.

டீசல் எவ்வளவு குடிக்கும்?

2.5 தொன் மெஷின் மணித்தியாலத்துக்குச் சுமார் 2.5 முதல் 4 லீற்றர். எட்டு மணித்தியால வேலை நாளில் உண்மையில் எஞ்சின் ஓடுவது ஐந்து மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய 15 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். லொறி வரும்வரை சும்மா ஓடவிட்டு நிற்பதுதான் நான் பார்த்த பெரிய வீண்செலவு. இன்னொன்று, வேலை முடிந்த பின்னேரமே தாங்கியை நிரப்பி விடுங்கள். பாதித் தாங்கியோடு இரவு கிடந்தால், நம் கடற்கரை ஈரத்தில் உள்ளே தண்ணீர் படிந்து டீசலோடு சேரும். நீர் பிரிக்கிற வடிகட்டியின் அடித் திருகைக் கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் அது உங்களுக்கே தெரியும்.

2.5 தொன் மெஷின் 2.5 தொன் தூக்கும்தானே?

ஒரு நிபந்தனையோடு. அந்த எண் எழுதப்பட்டது, பாரத்தின் மையம் முட்களின் (சரக்கைத் தாங்குகிற முன்பக்க இரும்புக் கரங்கள்) செங்குத்து முகத்திலிருந்து 500 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும் என்று வைத்துத்தான். மெஷின் ஒரு தராசு. முன்சில்லு நடுக் கம்பு, பின்னால் உள்ள இரும்புப் பாரம் ஒரு தட்டு, உங்கள் சரக்கு மறு தட்டு. சரக்கு தள்ளிப் போகப் போக அதன் பாரம் கூடியது போலாகும்.

கணக்காகப் பார்ப்போம். முன்சில்லின் அச்சிலிருந்து முட்களின் முகம் சுமார் 480 மில்லிமீற்றர் என்று வையுங்கள். அதோடு 500 ஐக் கூட்டினால் 980. 2,500 கிலோவை 980 ஆல் பெருக்கினால் 24,50,000. இனி இரண்டு மீற்றர் நீளப் பலகைக் கட்டு ஒன்றை முனையிலிருந்து தூக்கினால் அதன் மையம் 1,000 மில்லிமீற்றரில். அச்சிலிருந்து 1,480. வகுத்தால் சுமார் 1,655 கிலோ. அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உயரத் தூக்கினாலும், பக்கத்துக்கு நகர்த்துகிற கருவி போன்றவற்றைப் பூட்டினாலும் இன்னும் குறையும். உங்கள் மெஷினின் சரியான எண் தகட்டில் இருக்கும். அதன்மேல் பெயின்ற் அடித்து மறைத்த மெஷின்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குவேன்.

50 கிலோ சீமெந்து 40 பை ஒரு பலட்டில் (சரக்கு அடுக்குகிற பலகைத் தட்டு) என்றால் 2 தொன். 2.5 தொன் மெஷினுக்கு அது சரி. ஐம்பது பை அடுக்கிவிட்டு 'இதுவும் 2.5 தொன்தானே' என்று கேட்காதீர்கள், பலட் 1.2 மீற்றர் நீளம் என்றால் மையம் 600 இல், அங்கே தாங்குவது 2,270 கிலோவுக்கும் உள்ளே.

பின்பக்கம் எழும்புது. ரெண்டு பேரை ஏத்தி நிக்கவிட்டாச் சமமாகும்தானே?

அந்த இரண்டு பேரையும் உடனே இறக்குங்கள். முன்னால் பாரம் சறுக்கி விழுந்தால் பின்பக்கம் அடித்துக்கொண்டு இறங்கும். அந்த ஆட்கள் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் அகப்படுவார்கள். பின்பக்கம் எழும்புவது, பாரம் கூடிவிட்டது என்று மெஷின் உங்களிடம் சொல்வது. இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.

சரிவில எப்பிடி ஓட்டுறது? ஆள் ஆள் ஒண்டு சொல்லுறாங்கள்.

பாரத்தோடு என்றால் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம். ஏறும்போது முன்னால் பார்த்து, இறங்கும்போது பின்னால் பார்த்து ரிவர்ஸில். வெறுமையாக என்றால் தலைகீழ். முட்கள் பள்ளத்துப் பக்கம். சரிவில் திரும்பவே கூடாது. மெஷின் உறுதியாக நிற்பது முன்சில்லு இரண்டும் பின் அச்சின் நடுவும் சேர்ந்த முக்கோணத்தில்தான். சரிவில் குறுக்கே நின்றால் பாரத்தின் மையம் அந்த முக்கோணத்துக்கு வெளியே போய்விடும்.

இடது பக்கப் பெடல் கிளச்சா?

ஓட்டோமெட்டிக் மெஷினில் அது மெதுவாக நகர்த்துகிற பெடல். பாதி அழுத்தினால் கியர் விடும், முழுதாக அழுத்தினால் பிரேக். எஞ்சின் வேகத்தைக் கூட்டி முட்களை உயர்த்திக்கொண்டே மெதுவாக முன்னேற அது உதவும். நாள் முழுக்கக் காலை அதன்மேல் வைத்து ஓட்டினால் கியர்ப்பெட்டியின் தட்டுகள் கருகும்.

எங்கட மெஷின் அடிக்கடி சூடேறுது. எஞ்சின் செய்யணுமா?

முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள். பத்தில் பெரும்பாலானவை அதுதான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது யார்டின் தூசு முழுக்க மெஷினுக்குள் போகும். சீமெந்து ஸ்ரோரில் இன்னும் மோசம். ஒருமுறை நான் கழற்றிய ரேடியேற்றரில் விரலால் தட்டினால் கல்லுச் சத்தம் கேட்டது. சீமெந்துத் தூசும் ஈரமும் சேர்ந்து, தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. விசிறி சுற்றியும் ஒரு துளிக் காற்றுப் போக வழியில்லை. அதற்குள் எஞ்சின் செய்ய இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்திருந்தார்கள். தூசு காய்ந்திருக்கும்போதே, ஒவ்வொரு நாளும், உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் காற்று அடித்து எடுங்கள். தண்ணீர் முதலில் வேண்டாம், அதுதான் சீமெந்தை இறுக்குகிறது.

காற்று வடிகட்டிக்கும் அதே கவனம். எஞ்சின் எண்ணெயை 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். நம் தூசில் அதற்குமுன் மாற்றினால் நட்டமில்லை. கொட்பே மீன்பிடித் துறைமுகம் போல உப்புக் காற்று நேரே படுகிற இடத்தில் முட்களைத் தூக்குகிற சங்கிலிக்கு எண்ணெய் பூசுவதை மறக்க வேண்டாம்.

ஜப்பான்ல இருந்து வந்த பழசு ஒண்டு, மீற்றர்ல 4,000 மணித்தியாலம். எடுக்கலாமா?

மீற்றரை மாற்றலாம், தேய்மானத்தை மாற்ற முடியாது. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்; நீங்கள் வரமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, நீலப் புகை தொடர்ந்து வருகிறதா, எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா என்று பாருங்கள்.

பிறகு முட்கள். வளைகிற இடத்தின் தடிப்பையும், தேயாத செங்குத்துப் பகுதியின் தடிப்பையும் கலிப்பரால் அளந்து பாருங்கள். நூற்றுக்கு 10 குறைந்திருந்தால் அந்த முள் கழிவு. 45 மில்லிமீற்றர் 40 ஆகியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது. சங்கிலி நூற்றுக்கு 3 நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். கடைசியாக, பாரத்தைத் தூக்கிக் கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிய நன்றாக இறங்கினால் உள்ளே எண்ணெயைத் தடுக்கிற சீல் போயிருக்கலாம்.

2022 மாதிரி எரிபொருள் தட்டுப்பாடு திரும்ப வந்தா டீசல் மெஷின் சும்மா நிக்குமே?

நின்றது, நானும் பார்த்தேன். ஆனால் அதே வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. பற்றரிக்கு சார்ஜ் இல்லை. காஸுக்கும் வரிசை. மூன்றும் ஒன்றாகக் கைவிட்ட வருடத்தை வைத்து எந்த ஒன்றையும் நல்லது என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் வேலையை நடத்தியவை கையால் தள்ளுகிற பலட் வண்டிகள். எந்த மெஷின் வாங்கினாலும் அதில் இரண்டு வைத்திருங்கள்.

மா ஆலை, எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. எங்கட மெஷினைக் கொண்டுபோகலாமா?

கேட்காமல் கொண்டுபோக வேண்டாம். காற்றில் பறக்கிற மாத் தூசு தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. எரிபொருள் ஆவியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சூடான சைலன்சரும் மின்பொறியும் இரண்டுக்கும் போதும். இங்கே பற்றரி மெஷினும் பாதுகாப்பில்லை, அதிலும் பொறி வரும். இப்படிப்பட்ட இடத்துக்கென்றே காப்புச் செய்த மெஷின் உண்டு. எந்த எல்லைவரை சாதாரண மெஷின் வரலாம் என்று அந்த இடத்துப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

லித்தியம் பற்றரி வந்திட்டுதே. இனி எஞ்சின் மெஷின் முடிஞ்சுதா?

சார்ஜ் நேரம் என்ற பழைய குறையை லித்தியம் பெருமளவு தீர்த்துவிட்டது. தேநீர் நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று ஏற்றலாம். ஈயப் பற்றரிக்குப் போலத் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. மழையில் ஓடக்கூடியவையும் வந்துவிட்டன. விலையும் திருத்துகிற ஆளும்தான் இங்கே தடை. மேலே டீசலுக்குச் சொன்ன காரணங்களில் பாதி இன்னும் சில வருடத்தில் நிற்காது என்றே நினைக்கிறேன்.

எங்களிட்ட யார்டும் இருக்கு, ஸ்ரோரும் இருக்கு. ஒரு மெஷினுக்குத்தான் காசு. என்ன செய்யிறது?

கஷ்டமான கேள்வி, ஆனால் அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். தம்பலகாமத்தில் ஓர் ஆலையில் நாங்கள் செய்தது இது. டீசல் மெஷினை வாங்கினார்கள். ஸ்ரோர் வாசலில் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு அடித்தோம். டீசல் மெஷின் கோடுவரை வந்து பலட்டை வைக்கும். அங்கிருந்து உள்ளே கையால் தள்ளுகிற வண்டி. மழைக்கு வாசலுக்கு வெளியே எட்டு அடிக்குத் தகரம் இறக்கினோம், கைமாற்றுகிற இடம் நனையாமல் இருக்க. உள்ளே தளம் மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைவண்டி நகராது. அதற்கு இரண்டு நாள் மேசன் வேலை பிடித்தது. உயர அடுக்க முடியாததால் ஸ்ரோரில் இடம் கொஞ்சம் குறைந்தது, அதை முதலாளி ஒத்துக்கொண்டார். அந்தக் கோட்டை ஒவ்வொரு மாரிக்கும் முன் திரும்பப் பெயின்ற் அடிக்கிறார்கள்.